கை படும் இடம்

ஃபேனை நிறுத்தினால்தான் அழைப்பை எடுக்க முடியும். ஹெட்செட்டில் காற்றுச் சத்தம் விழுந்தால், பதிவைக் கேட்கிறவர்கள் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். அதனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பள்ளிக்கரணையின் இந்த மாடி அறையில் வேர்த்து வழிந்துகொண்டே, வணக்கம், லேப்டாப் உதவி மையத்திலிருந்து மீரா பேசுகிறேன், உங்களுக்கு நான் எப்படி உதவலாம் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்கிறேன். மீரா என்பது கம்பெனி வைத்த பெயர். பூங்கொடி என்றால் நீளமாம், ஆம்பளைகளில் பாதிப் பேர் பாடவே ஆரம்பித்துவிடுவார்களாம், டிரெய்னிங்கில் சொன்னார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூடத் திருப்பி, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அவரவர் லேப்டாப் ஓடாத கவலை அவரவருக்கு. ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கவே வேலை இருக்காது, சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது குரல் கரகரவென்று வரும், அப்போதுதான் காலையிலிருந்து பேசவில்லை என்பது உறைக்கும். இந்தத் தடவை ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. மூன்று நாளில் நான் பேசியது ஒரு பால் பாக்கெட், ஒரு கட்டுக் கீரை, கீழ் வீட்டு அம்மா சுண்டல் கொடுத்தபோது ஒரு தேங்க்ஸ். இன்று திங்கள், மணி பதினொன்று பத்து, ஃபேனை நிறுத்திவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன், திரையில் வாடிக்கையாளர் விவரம் விழுந்தது: அய்யாவு இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கணபதி, கோயம்புத்தூர். அய்யாவு என் அப்பா பெயர். அதைக் கண் படித்து முடிப்பதற்குள் காதுக்குள் குரல் வந்துவிட்டது. "ஏனுங்க, லேப்டாப் கம்பெனிங்களா?" என் அண்ணன் நாச்சிமுத்து. பன்னிரண்டு வருஷம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில்.

வணக்கம், மீரா பேசுகிறேன் என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பேச்சு ஐந்து விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது இங்கே விதி, ஆறாயிற்று, ஏழாயிற்று. "அம்மிணி, லைன்ல இருக்கீங்களா?" என்றான் அண்ணன். அம்மிணி. தன்னைவிடச் சின்ன வயசுப் பெண் யாராக இருந்தாலும் அவனுக்கு அம்மிணிதான், பேக்கரிக்காரப் பெண்ணும் அம்மிணி, பேங்க் மேனேஜரும் அம்மிணி, ஆனால் முப்பத்தொரு வருஷம் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டான். மியூட் பட்டனை அமுக்கி ஒரு தடவை இருமிவிட்டு வந்தேன். "இருக்கேன் சார், பிரச்சினையைச் சொல்லுங்க." கூடப் பிறந்தவனை சார் என்கிறேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, எப்படித் தெரியும், எந்த ஊர் என்று தெரியாத பொதுத் தமிழில் பேசுங்கள் என்று கம்பெனி பழக்கியது, ஒன்பது வருஷத்தில் என் பேச்சிலிருந்து ஊர் போய்விட்டது, இப்போது என் அண்ணனுக்கே என் குரல் தெரியாமல் போயிற்று. அவன் சொன்னான்: "ஆன் ஆவுதுங்க, கம்பெனி பேரு வருதுங்க, பத்து எண்றதுக்குள்ள பட்டுன்னு அணஞ்சு போவுது. திரும்ப அமுத்துனா திரும்ப அதே கூத்து. பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. மருதாசலம் வைரஸுங்கறான். எனக்கு இந்த எழவெல்லாம் புரியாதுங்க, லேத்துன்னா கண்ண மூடிட்டுப் பிரிச்சு மாட்டிருவேன்." எங்கள் பட்டறை ஆள் மருதாசலத்தின் பெயரை அவன் சாதாரணமாகச் சொன்னான். என் கை மவுஸை விட்டுவிட்டது.

இந்த நோய் எனக்குத் தெரியும். கம்பெனிப் புத்தகத்தில் இல்லை, ஆனால் தமிழ் லைனில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கும் தெரியும். வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம் ஐந்தாறு பேராவது இதே கதையோடு வருவார்கள். லேப்டாப்புக்குப் பொட்டு வைத்திருப்பார்கள், சந்தனம் பவர் பட்டனைச் சுற்றி இறங்கிக் காய்ந்திருக்கும், பட்டனை அமுக்கினால் அமுங்கினபடியே சிக்கிக்கொள்ளும், யாரோ விடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து மெஷின் பத்து விநாடியில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். பூஜை முடிந்த வாரம் முழுக்க நான் கேட்கும் முதல் கேள்வியே, பட்டன் மேல பொட்டு வச்சீங்களா சார் என்பதுதான். இன்று காலையில்கூட இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பல்குத்தும் குச்சியால் சுரண்டி மூன்று நிமிஷத்தில் சரிசெய்துகொண்டார்கள். கேள்வி நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் இவனிடம் கேட்டால் இவன் அந்த லேப்டாப்போடு நிற்கமாட்டான். இவன் மெஷின்காரன். சந்தனம், பட்டன் என்ற இரண்டு வார்த்தை சேர்ந்து காதில் விழுந்தால் அடுத்த நொடி இவன் நினைப்பு பன்னிரண்டு வருஷம் பின்னால் போய் இரும்பு கடையும் அந்த லேத்தை நிறுத்துகிற சிவப்புப் பட்டனில் நிற்கும். "சார், சார்ஜரில் லைட் எரியுதான்னு பாருங்க" என்றேன். அழைப்பு தொடங்கி இரண்டு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

லைட் எரிந்தது. எரியாமல் என்ன செய்யும். "வேற பிளக்கில் மாட்டிப் பாருங்க சார்." அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனான், என் காதுக்குள் பட்டறை திறந்துகொண்டது. இரண்டு மெஷின் ஓடுகிறது, யாரோ இரும்புக் கம்பியைக் கீழே போடுகிறார்கள், கிரைண்டரில் எதையோ வைத்து எடுக்கிறார்கள். இரும்பின் சூடு தணிய ஊற்றும், கூலன்ட் ஆயில் கலந்த வெள்ளைத் தண்ணீரின் வாசனை போன் வழியே வராது, வந்தது. அழுகை வரும்போல் இருந்தது, மணி பதினொன்றே காலுக்கு யாராவது அழுவார்களா, உதட்டைக் கடித்துக்கொண்டேன். பூஜைக்கு முதல் நாள் மெஷினையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்போம், இரும்புச் சுருளை வாரிக் கொட்டுவோம், வாசலில் வாழைக்கன்று கட்டுவோம். மற்ற பட்டறைகளில் மெஷினின் நெற்றி மாதிரி தெரிகிற இடத்தில், கம்பெனி பெயர் வார்த்திருக்கும் இடத்தில், பெரிய பொட்டாக வைப்பார்கள். எங்கள் பட்டறையில் கை படும் இடத்தில்தான் வைப்பது வழக்கம். டூல் போஸ்ட் கைப்பிடி, சக்குச் சாவி, பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். தினமும் எதைத் தொட்டு வேலை செய்கிறோமோ அதற்கு. அப்பா வைக்கும்போது மோதிர விரலின் நுனி ஈரமாகத் தொட்டுவிட்டுப் போகும், அடுத்த நாள் பார்த்தால் மஞ்சளாக ஒரு நிழல்தான் இருக்கும். அந்த வழக்கத்தில் வந்த நாச்சிமுத்து லேப்டாப்புக்கு எங்கே பொட்டு வைத்திருப்பான்? மூடி மேலேயா வைப்பான்? நான் போய்ப் பார்க்கவே வேண்டாம். "வேற பிளக்குலயும் அதேதானுங்க அம்மிணி" என்று அவன் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம்கூடச் சலிப்பில்லாத குரல். அடிக்கடி கோபப்படுகிற ஆள், இப்போது முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு பொறுமையாக இருக்கிறான்.

அடுத்தது முப்பது விநாடி. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் வடிந்துவிடும், நிறைய லேப்டாப் இதிலேயே பிழைத்துக்கொள்ளும், இது பிழைக்காது. "மருதா, நீ வந்து அமுத்து, உனக்குத்தான் பழக்கம்" என்றான் அண்ணன். தள்ளியிருந்து "சரிங்கண்ணா" என்று ஒரு குரல். "நான் எண்றேன் சார், நீங்களும் எண்ணுங்க" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. எந்தக் கையால் அமுக்குகிறான்? வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை, கட்டைவிரலால் அமுக்கலாம். ஆறு, ஏழு. அந்த வருஷம் பூஜையன்று, அப்பாவுக்குப் பிறகு பொட்டு வைக்கிற அண்ணன் திருப்பூர் போய்விட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது, நல்ல நேரம் முடியப் போகிறது என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சந்தனக் கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டேன். டிராயிங் பார்ப்பது நான், ஆர்டர் பேசுவது நான், பொட்டு வைக்க மட்டும் என்னை விட்டதில்லை. அன்றைக்கு எனக்கு வீட்டுக்குத் தூரமான இரண்டாம் நாள் வேறு. அம்மாவுக்கு மட்டும் தெரியும், வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள், நான் பார்க்காததுபோல் போய்விட்டேன். பதினான்கு. அத்தனை வருஷம் விடாததற்கெல்லாம் சேர்த்து வைத்து அப்பினேன், பச்சையிலும் சிவப்பிலும் வழிய வழிய. அது ஆசை, அதற்கு வேறு பெயர் இல்லை. பத்தொன்பது. இரண்டு நாள் மெஷினுக்கு ஓய்வு, கல்லில் அரைத்த சந்தனம் காய்ந்தால் சுண்ணாம்பாக இறுகிவிடும். மூன்றாம் நாள் காலையில் மருதாசலம் லேத்தில் சுற்றுகிற ஷாஃப்டுக்கு, உப்புத்தாள் மாதிரி இருக்கும் எமரித் துணியைப் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று. துணி சுற்றிக்கொண்டு விரலை இழுத்தது, இடது கையால் சிவப்புப் பட்டனை அடித்தான், மறுபடியும் அடித்தான், மூன்றாவது தடவையும் அடித்தான், ஆபீஸ் ரூம் கண்ணாடி வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மெஷின் நிற்கவில்லை, யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கினார்கள். "முப்பதுங்க" என்றான் அண்ணன்.

சார்ஜரை மாட்டச் சொன்னேன், ஆன் பண்ணச் சொன்னேன். வந்தது, பெயர் வந்தது, போயிற்று. "போச்சுங்க" என்றான். அதில் என்ன ஆச்சரியம். "சரி சார், பென் டிரைவ், மவுஸ் ஏதாவது மாட்டியிருந்தா எல்லாத்தையும் கழட்டுங்க." கழற்றட்டும். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், இந்தக் குரலும் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மருதாசலத்தை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு எல்லோரும் போன பிறகு பட்டறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். லேத்துக்குப் பக்கத்தில் போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். அமுங்கவில்லை. சுற்றிலும் மஞ்சளாக இறுகிக் கிடந்தது. வேஸ்ட் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன், இடுக்கில் ஊசியை விட்டு எடுத்தேன், அமுக்கினேன், டக் என்று உள்ளே போய் வந்தது. மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன், டக், டக், டக். மறைக்கத்தான் துடைத்தேனா? அழுக்கைப் பார்த்தால் துடைக்கிற கை, தானாகச் செய்தது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தத் துணியை வழக்கமான டின்னில் போடாமல் அடுப்பில் போட்டேனே, அதையும் கை தானாகவா செய்தது? சாயங்காலம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். மருதாசலம் அவனிடம், அமுத்தினேன், நிக்கலை என்றானாம். அண்ணன் நேராகப் போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கிப் பார்த்தான். டக். "பயத்துல எங்கியோ அடிச்சுப்புட்டு பட்டன் மேல பழி போடறான்" என்றான். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மருதாசலம் மூன்று தடவை அடித்ததைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அம்மா வாய் தவறி உளறிவிட்டாள், நான் எந்த நிலைமையில் பொட்டு வைத்தேன் என்று. அவ்வளவுதான், ஆறு ஆள்களுக்கு முன்னால் வைத்து அண்ணன் கத்தினான், "உன்ற கை பட்டுத்தான்டி இந்தப் பட்டற நாசமாப் போச்சு, அவன் ரெண்டு விரலு போச்சு." எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நீ எந்தக் காலத்தில் இருக்கிறாய், ரத்தத்தைக் கண்டால் மெஷினுக்குக் கோபம் வருமா, உனக்கு வெட்கமாக இல்லையா என்றெல்லாம் கேட்டேன். கேட்டதெல்லாம் நியாயம். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டேன். ஒரு பையில் நான்கு சேலையோடு சென்னைக்கு ரயிலேறினேன். மானமுள்ளவள் இப்படித்தான் போவாள் என்று நினைத்துக்கொண்டேன், ரயில் சேலம் தாண்டும்போது ஒன்று மட்டும் புரிந்தது, என் அண்ணன் என் மேல் பொய்யான குற்றத்தைச் சுமத்தியதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்தப் பொய்க் குற்றத்துக்கு அடியில் நிஜக் குற்றத்தை வைத்துப் பூட்டிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் தனியாக இருப்பது அண்ணன் துரத்தியதால் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன், கேட்கிறவர்களும் ஐயோ பாவம் என்கிறார்கள். சித்தி மகள் எப்போதாவது வாட்ஸப்பில் எழுதுவாள், அம்மாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, இனிமேல் போனில் பேச முடியாது என்று போன வருஷம் எழுதியிருந்தாள். அன்றைக்கும் ஃபேனை நிறுத்திவிட்டு நாற்பது அழைப்பு எடுத்தேன்.

"அம்மிணி, அல்லாத்தையும் கழட்டியாச்சுங்க, ஒண்ணும் நடக்கல" என்றான் அண்ணன். பத்தொன்பது நிமிஷம் ஆகிவிட்டது. திரையில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பாவம், கேட்டான். ஐம்பது வயசு மனுஷன் லேப்டாப்பில் காதை ஒட்டிக்கொண்டு குனிந்து நிற்பதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இனிமேல் செய்ய ஒன்று பாக்கி இருக்கிறது. சர்வீஸ் சென்டருக்குப் பதிவு செய்துவிடலாம், அங்கே ஒரு ஆள் பிரித்துப் பார்த்து, சுத்தம் செய்து, ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுவான், அண்ணனுக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. விரல் அந்தப் பக்கத்தைத் திறந்தும்விட்டது. "சார், சர்வீஸ் சென்டரில் கொடுத்தா ஐந்து வேலை நாளில் பார்த்துக் கொடுத்துருவாங்க, பதிவு பண்ணட்டுமா?" அண்ணன் போனைக் கிட்டே இழுத்தான். பிறகு, "அஞ்சு நாளுங்களா? ரெண்டு மணிக்குப் பம்பு கம்பெனிக்காரங்க வராங்க அம்மிணி. மெசினுக்குப் போட வேண்டிய புரோகிராம் அத்தனையும் அதுக்குள்ளதான் கெடக்குது. மருதாசலம் எட்டு விரல வச்சுக்கிட்டு ராத்திரி பகலா மூணு மாசம் உக்காந்து எழுதினது. அவனுக்குக் கையில அடிபட்டுப்போச்சுங்க, லேத்துல நிக்க முடியாது, இதக் கத்துக்கிட்டு இதுலதான் நிமிந்தான். அவனுக்கு இதுவும் போச்சுன்னா அப்புறம் என்னத்தச் சொல்றது" என்றான். பின்னால் இருந்து மருதாசலம், "விடுங்கண்ணா, அவங்க என்ன பண்ணுவாங்க" என்றான். பதிவுப் பக்கத்தை மூடினேன். எட்டு விரல் என்று சொன்னபோது அண்ணன் குரலில் ஒரு பெருமை இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை எனக்கு.

"சார், பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வச்சீங்களா?" என்று கேட்டேன். "வச்சமுங்க. நாந்தான் வச்சேன். ஏனுங்க?" "பட்டன் மேலயா?" அவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டேன். "பட்டனைச் சுற்றி இடுக்கில் மஞ்சளாக ஏதாவது தெரியுதா பாருங்க சார்." நாற்காலி நகர்ந்தது. மருதாசலம்தான் சொன்னான், "இருக்குதுங்கண்ணா, கெட்டியா இருக்குது." அண்ணன் போனுக்குப் பக்கத்தில் வந்து, "மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைக்கட்டுங்களா அம்மிணி?" என்றான். "வேண்டாம், மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம்" என்று கத்திவிட்டேன், பதிவில் அது அசிங்கமாகக் கேட்கும். ஆஃப் பண்ணிச் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டச் சொன்னேன், துணியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் துடைக்கச் சொன்னேன். சுரண்டுகிற சத்தம்கூடக் கேட்டது, ஓடிக்கொண்டிருந்த மெஷினில் ஒன்றை யாரோ நிறுத்தினார்கள். பிறகு ஆன் ஆயிற்று. பத்து விநாடி தாண்டியது, இருபது தாண்டியது, அதற்குரிய சின்ன இசை வந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. மருதாசலம் மெதுவாகச் சொன்னான், "அன்னிக்கும் இப்பிடித்தானுங்கண்ணா இருந்துது. அமுத்துனேன், உள்ள போகவே இல்ல. நாஞ் சொன்னனே." விதிப்படி அடுத்தது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று நான் கேட்க வேண்டும், கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க அம்மிணி, வெச்சராதீங்க" என்றான். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நடந்தான், செருப்புச் சத்தம், ஷட்டரைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது, பஸ் ஹாரன் கேட்டது. "பெரிய மெசின் பட்டனும் இந்த மாதிரி சிக்குமுங்களா?" "சிக்கும் சார்." "பன்னெண்டு வருசத்துக்கு முந்தி ஒண்ணு நடந்துபோச்சுங்க. மெசின் நிக்காம மருதாசலத்துக்கு ரெண்டு விரலு போச்சு. என்ற தங்கச்சி மேல பழியப் போட்டேன், நாயி மாதிரிப் பேசிப்புட்டேன், போனவ போனவதான். இன்னிக்கு என்ற கையால வெச்சதும் சிக்கியிருக்குது பாருங்க. அப்ப அவ மேல தப்பே இல்லீங்களே. மெட்ராஸ்ல எங்கியோ இருக்காளாம். உங்களயாட்டம் படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க, இத்தன வருசம் கழிச்சு அவகிட்ட எப்பிடிங்க போய் நிக்கறது?" எனக்கு வேண்டியது இதுதான். பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்துக் கிடந்தேன், தப்பே இல்லை என்று அவன் வாயால். நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிடுங்கள் சார், தங்கை மன்னித்துவிடுவார் என்று சொல்லிவிட்டு அழைப்பை முடித்தால் போதும், சித்தி மகளிடம் நம்பர் வாங்குவான், இந்த வாரத்துக்குள் பேசிவிடுவான், தீபாவளிக்கு நான் கணபதியில் இருப்பேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள், யாருக்கும் எதுவும் தெரியாது. "ஒண்ணு மட்டும்தான் வெளங்கலீங்க" என்றான் அண்ணன். "அன்னிக்குச் சாயங்காலம் நான் அமுத்திப் பாத்தப்ப அந்தப் பட்டன் நல்லாத்தான் வேல செஞ்சுது. அத வெச்சுத்தான் மருதனப் பொய்யன்னேன்." ரோட்டில் இன்னொரு பஸ் போயிற்று. அழைப்பு பதிவாகிறது, எவன் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். "நாந்தான் தொடச்சனுங்கண்ணா" என்றேன். "நீங்க ஆசுபத்திரியில இருந்து வர்றதுக்கு முந்தி."

அவன் மூச்சு விடுவது கேட்டது. திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. "பூங்கொடியா?" என்றான். "ஆமாங்கண்ணா." "சிக்கியிருந்ததப் பாத்தியா?" "பாத்தேன். மருதாசலம் அடிச்சதையும் பாத்தேன்." "மூணு மாசம் அவன் சோறு திங்காம கெடந்தான் அம்மிணி, நீங்களாச்சும் நம்புங்கண்ணான்னு." அவ்வளவுதான் சொன்னான், குரல் உடைந்துவிட்டது, என் குரலும் உடைந்து, "அண்ணா, நான்" என்று ஆரம்பித்தேன். "எங்கிட்டச் சொல்லாத" என்றான். கோபம்கூட இல்லை அதில். செருப்புச் சத்தம் திரும்ப உள்ளே போயிற்று, பஸ் சத்தம் குறைந்தது, மெஷின் சத்தம் பெரிதாயிற்று, "மருதா, கைய எடு, இந்தா, உங்கிட்டத்தான் பேசோணுமாம்" என்று கேட்டது. போன் கை மாறுகிற சத்தம். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது, ஹெட்செட் வயர் அளவுக்குத்தான் ஓட முடியும். "சொல்லுங்க மேடம்" என்றான் மருதாசலம், சந்தோஷமாக, "நல்லா ஓடுதுங்க, புரோகிராம் அல்லாம் அப்பிடியே இருக்குது, ரொம்ப நன்றிங்க."

"மருதாசலம், நான் பூங்கொடி பேசறேன்" என்றேன். "அன்னிக்கு நீ மூணு தடவ அமுத்துன. நான் கண்ணால பாத்தேன்."